பாடல் பெற்ற தலங்களின் விக்கிப் பக்கங்களைக் கணினி படிக்கும் தரவாக எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: தேவாரப் பாடல் பெற்ற தலங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கும் கட்டுரைகளிலிருந்து கோயிலின் பெயர், ஊர், மாவட்டம், இறைவன், இறைவி, தலமரம், தீர்த்தம், புவியிடக் குறிப்பு ஆகியவற்றை ஓர் அட்டவணையாகத் தொகுக்க வேண்டும், நாற்பது பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையால் எழுதி முடித்தாயிற்று, மீதமுள்ளவற்றையாவது கணினியே படித்துக்கொள்ளும் வடிவில் விக்கியிலிருந்து நேரடியாக எடுக்க வழி உண்டா?

உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் தரவை வெளியே கொடுப்பதற்கான வாயில்கள் திட்டமிட்டே அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் எந்த வாயிலில் நுழைவது என்று முடிவு செய்வதற்கு முன், நமக்கு உண்மையில் வேண்டியது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு விக்கிப் பக்கம் என்று நாம் சொல்வது மூன்று அடுக்குகளைக் கொண்டது. கட்டுரையாளர் தொகுப்புப் பெட்டியில் தட்டச்சு செய்த விக்கியுரை முதல் அடுக்கு. அந்த உரையில் உள்ள வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் ஆயத்த அச்சுகள்) எல்லாம் விரிக்கப்பட்டு, படிப்பவரின் திரையில் தோன்றும் எச்டிஎம்எல் இரண்டாவது அடுக்கு. எந்த மொழியின் கட்டுரையையும் சாராமல் விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுத்தளத்தில் தனியே சேமிக்கப்பட்டிருக்கும் கூற்றுகள் மூன்றாவது அடுக்கு. இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்று அதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் இத்தகைய முயற்சிகளில் பெரும்பாலானவை பாதியில் நின்றுபோகின்றன என்பது என் அனுபவம்.

முதல் அடுக்கை எடுப்பதற்கு மிக எளிய வழி, நிரல் எழுதத் தெரியாதவருக்கும் கைகூடுவது. ஒவ்வொரு விக்கியிலும் சிறப்புப் பக்கங்களின் பட்டியலில் பக்கங்களை ஏற்றுமதி செய்வதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்குள்ள பெட்டியில் கட்டுரைத் தலைப்புகளை வரிக்கு ஒன்றாக ஒட்டலாம்; அல்லது ஒரு பகுப்பின், அதாவது ஒரே வகைக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் தொகுதியின், பெயரைக் கொடுத்து அதில் உள்ள தலைப்புகளை எல்லாம் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். நடப்புப் பதிப்பு மட்டும் போதும் என்று குறியிட்டுப் பொத்தானை அழுத்தினால், எல்லாப் பக்கங்களும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலும் அதன் பெயர்க்குறிக்குள் அடைக்கப்பட்ட உரைக்கோப்பாக) இறங்கும். கோப்பின் தலைப்பகுதியில் அந்த விக்கியின் பெயரும் அதன் பெயர்வெளிகளின் (கட்டுரை, வார்ப்புரு, பகுப்பு போன்ற பக்க வகைகளின்) பட்டியலும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, பெயர்வெளி எண், பக்க எண், அது வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவைக்கும் வழிமாற்றாக இருந்தால் எங்கே மாற்றப்படுகிறது என்ற குறிப்பு, கடைசித் திருத்தத்தின் எண், அது செய்யப்பட்ட நேரம், செய்தவரின் பயனர் பெயர், தொகுப்புச் சுருக்கம், இறுதியாக முழு விக்கியுரை என்று வரிசையாக வரும். நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், இந்திய நேரத்துக்கோ இலங்கை நேரத்துக்கோ மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். படங்கள் இந்தக் கோப்பில் வாரா; படத்தைக் குறிப்பிடும் வரி மட்டுமே வரும்.

பாடல் பெற்ற தலங்கள் 276 என்று எண்ணப்படுவதால், உங்கள் வேலைக்கு இந்த ஏற்றுமதிப் பக்கமே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒருமுறை மட்டும் எடுத்து முடித்துவிடும் பணி என்றால் அதுவே போதும். ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுத்து, எவையெல்லாம் மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் மீடியாவிக்கியின் ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறுவதற்கான இடைமுகம்) வழியைக் கற்றுக்கொள்வது நல்லது. அதில் ஒரே வேண்டுகோளில் 50 பக்கங்கள் வரை கேட்கலாம் என்பதால், 276 பக்கங்களுக்கு ஆறு வேண்டுகோள்கள் போதும். விடை ஜேசன் (பெயரும் மதிப்பும் இணையிணையாக வரும் உரை) வடிவில் வரும். வேண்டுகோளில் வடிவப் பதிப்பு 2 (formatversion=2) என்று குறிப்பிட்டுவிடுங்கள். அப்படிக் குறிப்பிடாவிட்டால் பழைய முறைப்படி, தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் அதன் யூனிகோடு எண்ணாக உருமாறி வரும். கணினிக்கு அதனால் குழப்பமில்லை. விடையைக் கண்ணால் சரிபார்க்க நினைக்கும் நமக்குத்தான் அது படிக்க முடியாத எண் வரிசையாகத் தெரியும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில விக்கியைக் கொண்டு எழுதப்பட்ட கையேடுகளில் இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இணைய முகவரியில் சேரும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாகிறது. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல், மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து ஐந்து குறிகள் கொண்டது, முகவரியில் 45 எழுத்துகளாக நீண்டுவிடுகிறது. ‘திருவாரூர் தியாகராஜர் கோயில்’ போன்ற தலைப்புகள் ஐம்பதை ஒரே முகவரியில் கோத்தால் அதன் நீளம் பத்தாயிரம் எழுத்துகளைத் தாண்டும். அவ்வளவு நீண்ட முகவரியைச் சேவையகம் ஏற்காமல் திருப்பிவிடக்கூடும். தலைப்புகளை முகவரியில் வைக்காமல் வேண்டுகோளின் உடலில் வைத்து அனுப்பும் போஸ்ட் முறையைப் பயன்படுத்துவது இதற்கு ஒரு தீர்வு. எனக்கு உகந்ததாகத் தோன்றும் தீர்வு வேறு. முதலில் பகுப்பின் உறுப்பினர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு, அதன்பின் தலைப்பைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லியே கேட்பது. தலைப்பு மாற்றப்பட்டாலும் பக்க எண் மாறுவதில்லை. ‘கோவில்’ என்று இருந்த தலைப்பை யாரேனும் ‘கோயில்’ என்று நகர்த்திவிட்டாலும் உங்கள் அட்டவணையின் தொடர்பு அறுபடாது. பகுப்பின் பட்டியலைக் கேட்கும்போது அதன் துணைப்பகுப்புகளில் இருக்கும் கட்டுரைகள் தாமாக வருவதில்லை என்பதையும், பட்டியல் நீண்டால் தொடர்ச்சிக் குறி ஒன்றை ஏபிஐ தரும், அதைத் திருப்பி அனுப்பித்தான் மீதியைப் பெற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விக்கியுரை கைக்கு வந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. உங்களுக்கு வேண்டிய இறைவன், இறைவி, தலமரம், தீர்த்தம் ஆகியவை பெரும்பாலும் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள தகவற்பெட்டி வார்ப்புருவில் இருக்கும். இரட்டை அடைப்பு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை வெட்டியெடுக்கலாம் என்று சுருங்குறித்தொடர்களை (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் விதிகளை) கொண்டு முயல்வது எல்லோரும் முதலில் செய்வது. அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. வார்ப்புருவுக்குள் இன்னொரு வார்ப்புரு, அதற்குள் மேற்கோள், மேற்கோளுக்குள் இணைப்பு, இணைப்புக்குள் செங்குத்துக் கோடு என்று அடுக்கடுக்காக வரும். அந்தச் செங்குத்துக் கோடே வார்ப்புருவின் அளபுருக்களை (மதிப்பு நிரப்பப்படும் பெயரிட்ட இடங்களை) பிரிக்கும் குறியும் ஆகும். விக்கியுரைக்கு முறையான இலக்கண வரையறை ஏதும் இல்லை என்பதால் இந்தச் சிக்கலை எளிய தேடல் விதிகளால் தீர்க்க முடியாது. பைத்தான் மொழியில் விக்கியுரையைப் பகுப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல்தொகுப்புகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் வார்ப்புருவின் பெயரைச் சொல்லி, அளபுருவின் பெயரைச் சொல்லி, மதிப்பைப் பெற்றுக்கொள்ளலாம்.

அளபுருக்களின் பெயர்கள் எல்லாக் கட்டுரைகளிலும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஒரே பொருளுக்கு ஒருவர் தலமரம் என்றும் இன்னொருவர் தல விருட்சம் என்றும் எழுதியிருப்பார். சொற்களுக்கு இடையில் ஒருவர் இடைவெளி விட்டிருப்பார், இன்னொருவர் அடிக்கோடு இட்டிருப்பார். பழைய கட்டுரையில் வேறொரு வார்ப்புருவே இருக்கும். ஆகவே முதல் சுற்றில் எந்த மதிப்பையும் எடுக்காமல், 276 பக்கங்களிலும் எந்தெந்த வார்ப்புருக்கள், எந்தெந்த அளபுருப் பெயர்கள், எத்தனை முறை வருகின்றன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு பக்கப் பட்டியலைப் பார்த்தபிறகு நிரல் எழுதுவது எளிது.

இனி, நிரலை எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில கட்டுரைகளில் ஒரு புலம் வெறுமையாகவே வரும். ஆனால் உலாவியில் திறந்தால் அதே புலம் நிறைந்திருக்கும். இதற்குக் காரணம் உண்டு. சில தகவற்பெட்டிகள் தமக்குரிய மதிப்பைக் கட்டுரையின் உரையிலிருந்து எடுக்காமல், பக்கம் காட்டப்படும் வேளையில் விக்கித்தரவிலிருந்து வருவித்துக்கொள்கின்றன. விக்கியுரையில் அது எழுதப்படவே இல்லை என்பதால் எக்ஸ்எம்எல் ஏற்றுமதியில் அது வருவதற்கு வழியில்லை. இத்தகைய இடங்களில் இரண்டாவது அடுக்கான எச்டிஎம்எல்லை ஏபிஐ வழியாகவே கேட்டுப் பெறலாம். பார்சாய்டு என்னும் பகுப்பி தரும் எச்டிஎம்எல்லில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு வார்ப்புருவும் விரிந்து நிற்கும் இடத்திலேயே, அது எந்த வார்ப்புரு, எந்த அளபுருக்களுக்கு எந்த மதிப்புகள் கொடுக்கப்பட்டன என்பது ஜேசன் வடிவில் ஒரு பண்பாகப் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். திரையில் தெரியும் பக்கத்தை அப்படியே சேமித்து வெட்டியெடுப்பதைவிட இது பன்மடங்கு உறுதியான வழி. ஏனெனில் தளத்தின் தோற்றம் மாற்றப்பட்டாலும் இது உடையாது.

புவியிடக் குறிப்புக்கு மட்டும் நேரே மூன்றாவது அடுக்குக்குப் போய்விடுங்கள். 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் கியூ என்று தொடங்கும் எண் ஒன்று உண்டு. சென்னைக்கு கியூ1352, தமிழ்நாட்டுக்கு கியூ1445. எந்தக் கட்டுரைக்கு எந்த எண் என்பதை ஏபிஐயில் பக்கப் பண்புகளைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். அந்த எண்ணைக் கொண்டு கேட்டால் ஜேசன், ஆர்டிஎஃப் ஆகிய வடிவங்களில் முழுத் தரவும் கிடைக்கும். புவியிடக் குறிப்பு பி625 என்னும் பண்பில் பதின்மப் பாகையாகவே இருக்கும். பாகை, கலை, விகலை என்று கட்டுரைகளில் பலவாறாக எழுதப்பட்டிருப்பதைப் பிரித்துக் கணக்கிடும் தொல்லை இல்லை. விக்கித்தரவிடம் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கிள் வினவல் மொழி தெரிந்தால் எல்லாக் கோயில்களையும் ஒரே வினவலில் சிஎஸ்வி கோப்பாகவே (புலங்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணையாக) பெற்றுவிடலாம். ஆனால் தலமரம், தீர்த்தம், இறைவியின் பெயர் போன்றவை அங்கே எல்லாக் கோயில்களுக்கும் நிரப்பப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தச் செல்வம் தமிழ்க் கட்டுரைகளின் உரையில்தான் இருக்கிறது. நீங்கள் தொகுக்கும் அட்டவணை முடிந்ததும், தக்க நூற்சான்றுகளுடன் அதை விக்கித்தரவிலும் சேர்த்தால், அடுத்து வருபவர் இந்த உழைப்பை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. இதை உங்களிடம் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இப்போது எழுத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டவணைகளை இணைக்கும்போது நான் அதிக நாள்களை இழந்தது இங்கேதான். ஒகர உயிர்மெய்யை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதலாம். மீடியாவிக்கி தன்னிடம் வரும் உரையை எல்லாம் என்எஃப்சி என்னும் இயல்பாக்க முறையால் ஒற்றைக் குறியாக்கிச் சேமித்துவிடுகிறது; நீங்கள் கையால் எழுதிய நாற்பது வரிகளில் அப்படி இல்லாமல் போகலாம். இரண்டையும் ஒப்பிடும் முன் உங்கள் கோப்பையும் அதே முறையில் இயல்பாக்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். தீராத சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. இறைவியின் பெயரைச் ‘சௌந்தரநாயகி’ என்று ஔகாரக் குறியுடன் ஒருவர் எழுதியிருக்க, ‘செளந்தரநாயகி’ என்று எகரக் குறியும் ளகரமும் சேர்த்து இன்னொருவர் எழுதியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எந்த இயல்பாக்க முறையும் இவற்றை ஒன்றாக்காது. எகரக் குறியை அடுத்து ளகரம் வரும் இடங்களை எல்லாம் கண்மூடித்தனமாக ஔகாரமாக மாற்றினால் ‘வெள்ளி’, ‘தெளிவு’ முதலிய நல்ல சொற்கள் கெட்டுப்போகும். ஆகவே அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு, ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் இப்படிப்பட்டதே. 2005-ஆம் ஆண்டு யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் சேர்க்கப்படுவதற்கு முன் அது ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. சேர்க்கப்பட்ட பின்னும் பெரும்பாலான விசைப்பலகைகள் பழைய வழியிலேயே தருகின்றன. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. கோயில் பெயர்களில் இது எவ்வளவு அடிக்கடி வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அட்டவணையின் காட்சிப் புலத்தில் விக்கியில் உள்ளவாறே வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கென்று தனியே ஒரு புலம் வைத்து அதில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மூலத்தை மாற்றாமல் வைத்திருப்பது எப்போதும் பாதுகாப்பு.

தமிழ் விக்கியில் பகுப்பு, வார்ப்புரு, படிமம் முதலிய முன்னொட்டுகளைத் தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். வழிமாற்றுக்கான கட்டளையும் இரு மொழியிலும் செல்லும். ஆங்கில விக்கிக்காக எழுதப்பட்ட நிரலை அப்படியே ஓட்டினால் தமிழில் எழுதப்பட்ட வழிமாற்றுகளை எல்லாம் அது ஒற்றை வரிக் கட்டுரைகள் என்று எண்ணிக்கொள்ளும். உரையைப் பார்த்து முடிவு செய்யாமல், எக்ஸ்எம்எல்லில் உள்ள வழிமாற்று உறுப்பையும் பெயர்வெளி எண்ணையும் பார்த்து முடிவு செய்தால் இந்தப் பிழை நேராது. கட்டுரைகளுக்கு எண் 0, வார்ப்புருக்களுக்கு 10, பகுப்புகளுக்கு 14. இவை எல்லா மொழி விக்கிகளிலும் ஒன்றே.

அட்டவணையின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். மாவட்டம் என்ற புலத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் இலங்கையில் உள்ளன. திருக்கேதாரம் உத்தராகண்டிலும் திருக்கோகர்ணம் கர்நாடகத்திலும் உள்ளன. நாடு, மாநிலம் அல்லது மாகாணம், மாவட்டம் என்று மூன்று புலங்கள் வையுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே கூட இந்தப் புலம் காலத்தோடு மாறுவது. சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்திலும் இருந்து வருகிறது. பழைய நூல்களை ஆதாரமாகக் கொண்ட கட்டுரைகளில் பழைய மாவட்டமே இருக்கக்கூடும் என்பதால், இந்த ஒரு புலத்தையாவது வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். அதுபோலவே, திருவாரூரில் வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார் என்று இறைவனுக்கே பல திருப்பெயர்கள் வழங்குவதால், ஒரு புலத்தில் ஒரு பெயர் என்று அடைக்காமல் பட்டியலாக வைக்க இடம் வேண்டும். ஜேசன் இதற்கு இயல்பாகப் பொருந்தும். சிஎஸ்வி வேண்டுமென்றால் பெயர்களுக்குத் தனியே ஓர் அட்டவணை வைத்துப் பக்க எண்ணால் இணைப்பதே சரி. அந்தச் சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கப் போகிறவர்கள் இருந்தால், யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் பைட்டு வரிசைக் குறியை (பிஓஎம்) சேர்த்துச் சேமியுங்கள். இல்லையேல் தமிழ் முழுவதும் சிதைந்த குறிகளாகத் தெரியும்.

தமிழ் விக்சனரி முழுவதையும் எடுக்க வேண்டும் என்பது போன்ற பெரிய தேவை வந்தால் ஏபிஐயைத் தொடவே வேண்டாம். விக்கிமீடியா நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் முழுத் தரவுத் திணிவுகளை இறக்கிக்கொண்டு, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லுங்கள். உங்களுடையது சிறிய தேவை என்பதால் ஏபிஐ போதும். அதில் ஒரு வேண்டுகோளுக்கு விடை வந்தபின் அடுத்ததை அனுப்புவதும், நிரலின் பெயரையும் தொடர்புக்கான வழியையும் அடையாளத் தலைப்பில் குறிப்பிடுவதும் அங்கே எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு.

விக்கிப்பீடியாவின் உரை, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பில் வழங்கப்படுகிறது. கட்டுரையின் வாக்கியங்களை அப்படியே உங்கள் அட்டவணையிலோ செயலியிலோ வைத்தால், எழுதியவர்களைக் குறிப்பிடுவதும் அதே உரிமத்தில் பகிர்வதும் கட்டாயம். விக்கித்தரவின் கூற்றுகளுக்கு இந்த நிபந்தனை இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் கலக்கப் போகிறீர்கள் என்பதால், எந்தப் புலம் எங்கிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். கட்டுரையிலிருந்து வந்த ஒவ்வொரு வரியிலும் திருத்த எண்ணையும் சேர்த்து வையுங்கள். அந்த எண் இருந்தால், நீங்கள் எடுத்த நாளில் பக்கம் எப்படி இருந்தது என்பதை யாரும் எப்போதும் திறந்து பார்க்கலாம். எழுதியவர்களின் வரலாறும் அங்கிருந்தே கிடைக்கும்.

கையால் எழுதிய நாற்பது வரிகளை வீண் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். நிரலை முதலில் அந்த நாற்பது பக்கங்களின் மேல் மட்டும் ஓட்டி, வரும் விடையை உங்கள் கையெழுத்து அட்டவணையோடு புலம் புலமாக ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிரல் தவறியிருக்கலாம், நீங்கள் தவறியிருக்கலாம், அல்லது நீங்கள் பார்த்த நாளுக்குப் பின் பக்கமே மாறியிருக்கலாம். பக்க வரலாற்றைத் திறந்தால் மூன்றில் எது என்று தெரிந்துவிடும். வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டபின் மீதமுள்ள 236 பக்கங்களுக்கும் ஓட்டுங்கள்.